தெளிவக்காவின் கண்ணாடி டம்ளர்

காலையில் அணையிலிருந்து போன் வந்தால், நீர் வழங்கல் அலுவலகத்தில் ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருப்பார்கள். தெளிவு. அந்தச் சொல் வந்த பிறகுதான் பம்ப் அறையில் மோட்டாரைப் போடுவார்கள். ஊர்க் குழாய்களெல்லாம் இருமிக்கொண்டு கண்விழிக்கும். அந்தச் சொல்லைச் சொல்கிறவளுக்கே நாளடைவில் தெளிவக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. யாராவது கேட்டால் அதை அவளே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வாள்.

அணை என்றதும் மலை உயரத்துக்கு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சின்ன ஆறு, அதற்கேற்ற சின்ன அணை. நடுவில் கான்கிரீட்டும் இரும்பு ஷட்டர்களும். இரண்டு பக்கமும் புல் போர்த்திய மண் கரை. இந்தக் கரையில் நின்று தும்மினால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவையெல்லாம் உள்ளேயே ஓரிடத்தில் சேர்த்து வெளியே விடுவதற்கு, கரையின் அடிவாரத்தில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். தெளிவக்காவின் நாள் அங்கேதான் தொடங்கும். குழாயடியில் குந்தி உட்காருவாள். ஒரு கண்ணாடி டம்ளரில் கசிவு நீரைப் பிடிப்பாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தண்ணீர் தெளிவாக இருந்தால், கரைக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கியிருந்தால் விஷயமே வேறு. கரையின் வயிற்றிலிருக்கும் மண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே பொந்து விழும். பொந்து பெரிதாகும். வெளியே புல் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் கரை அப்படியே உட்கார்ந்துவிடும்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஷட்டர் அறைக்கு ஏறி, போனை எடுப்பாள். மறுமுனையில் இருப்பவருக்கு ஊரில் 'ஹலோ' என்றுதான் பெயர். தெருவில் எதிரே வருகிறவரிடம்கூட அப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்.

"ஹலோ! சொல்லுங்கக்கா. போர்டுல தெளிவுன்னு எழுதிட்டேன்."

"நான் இன்னும் வாயே திறக்கலையேப்பா!"

"நீங்க என்னிக்கு வேற மாதிரி சொல்லியிருக்கீங்க?"

"ஒரு நாள் சொல்றேன் பாரு, உன் சாக்பீஸ் ரெண்டா ஒடியும்."

"ஐயையோ! காலங்காத்தால வாயில நல்ல வார்த்தையா வரட்டும்கா."

இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

அவள் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. அடுத்தடுத்து அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவள் வயதுக்கு வந்த பெண். தம்பிக்கோ சட்டைப் பொத்தானைச் சரியான ஓட்டையில் மாட்டத் தெரியாத வயது. கரையில் புல் வெட்ட ஆள் எடுத்தார்கள். போனாள். புல் வெட்டியவள், கரையில் முளைக்கும் செடிகளை வேரோடு பிடுங்கக் கற்றாள். எலி வளையையும் நண்டு வளையையும் தேடி அடைக்கக் கற்றாள். ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் போட்டு, துருவை உரசி, கடைசியில் ஷட்டரை ஏற்றி இறக்கவும் கற்றுக்கொண்டாள். காவல் வீட்டை அவளுக்கே கொடுத்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்.

மத்தியான வேளைகளில் தையல் மெஷினில் உட்காருவாள். அவள் தையலில் ஒரு விசேஷம் உண்டு. ஓரத்தைத் தைத்து முடிக்கிற இடத்தில் நூலை வெறுமனே அறுக்க மாட்டாள். பின்னோக்கிக் கொஞ்சம் தைத்து, மறுபடி முன்னால் வந்து, சின்னதாக ஒரு முக்கோணம் போட்டுத்தான் நிறுத்துவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. எதுவும் பிரிந்து போய்விடக் கூடாது என்ற பயம், வேறென்ன?

பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் தம்பி படிக்கிறான் என்று சொல்லி அனுப்பினாள். படித்து முடித்தான், வேலை தேடுகிறான் என்றாள். பிறகு கேட்டு வருவதற்கு ஆளில்லை. அலுவலகத்தில் யாராவது இதைக் கிளறினால் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "எல்லாரும் ஆளைக் கட்டிக்குவாங்க, நான் அணையைக் கட்டிக்கிட்டேன்" என்பாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குள் என்ன கசிந்ததோ, அதை டம்ளரில் பிடித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

தம்பி காண்ட்ராக்டர் ஆனான். கலகலப்பானவன், பேச்சில் கெட்டிக்காரன். அணையிலிருந்து பம்ப் அறைக்குப் போகிற பழைய இரும்புக் குழாய் கரைக்குள் துருப்பிடித்துப் போனபோது, அதை மாற்றுகிற வேலை அவனுக்கே கிடைத்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கரையை வெட்டி, பழைய குழாயை எடுத்து, புதியதை வைத்து, மறுபடி மண்ணைப் போட்டு மூட வேண்டும். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனபோது மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, தண்ணி தெளிச்சு, இடிச்சு இடிச்சுத்தானே ஏத்தணும்? இப்படி மொத்தமாக் கொட்டுறியே?"

"அக்கா, இது அடுப்பங்கரை இல்ல, ஆத்தங்கரை. உப்பு காரம் பாக்குற மாதிரி எட்டிப் பாக்காத!"

வேலையாட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தம்பியின் வாய்ச் சாமர்த்தியத்தில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை. அந்தப் பெருமை அவள் கண்ணைக் கட்டிவிட்டது.

அதே சமயத்தில், கரைக்குக் கீழே இருக்கும் தெருவில் அவன் ஒரு வீடும் கட்டிக் குடிபோனான். தெளிவக்கா கூடத்து ஜன்னலுக்கு ஒரு ஜோடித் திரை தைத்துக் கொடுத்தாள். நீலத் துணி, அதில் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் குடைகள். தம்பி மனைவி பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன அண்ணி, குடை போட்ட துணி? மழை வீட்டுக்குள்ளயா பெய்யப் போகுது?"

"உன் புருஷன் கட்டின வீடும்மா. எதுக்கும் இருக்கட்டும்."

தம்பியும்தான் விழுந்து விழுந்து சிரித்தான்.

மழைக்காலம் வந்து அணை நிரம்பியது. ஒரு நாள் காலை டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று. டம்ளர் அழுக்கோ என்று கழுவிவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடி வளையம். மேலே ஓடி போனை எடுத்தாள்.

"ஹலோ! தெளிவுன்னு எழுதிட்டேன்கா!"

"இல்லப்பா, இன்னிக்கு…"

"மோட்டாரும் போட்டாச்சு. என்னக்கா, ஏதாவது விசேஷமா?"

அந்த நேரம் பார்த்துத் தம்பி அணைக்கு வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கையமர்த்தினான். போனை வைக்கச் சொல்லி ஜாடை காட்டினான். வைத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தோளைத் தொட்டுச் சொன்னான்:

"புதுசா வெட்டி மூடின இடம்க்கா. முதல் வெள்ளத்துல கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். நாளைக்குப் பாரு, சரியாயிடும். இப்பவே ஊரைக் கூட்டி என் பேரைக் கெடுத்துடாத."

மறுநாள் தண்ணீர் கண்ணீர்போலத் தெளிந்து வந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. "சொன்னேன்ல?" என்று அவன் கண்ணடித்தான். சொந்தத் தம்பியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சில வாரங்கள் போயின. அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு இன்ஜினியரம்மா வந்தாள். அதிகம் பேசாதவள், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவாள். ஒரு காலை அவளும் குழாயடியில் வந்து உட்கார்ந்தாள். டம்ளர் நிறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, டம்ளர் நிறைய எப்பவும் இவ்வளவு நேரம் ஆகுமா?"

"இப்ப கொஞ்ச நாளா அப்படித்தாம்மா. ஆனா தண்ணியைப் பாருங்க, எவ்வளவு தெளிவு!"

"தெளிவுதான். ஆனா அணை நிரம்பி நிக்கும்போது கசிவு கூடணுமே, ஏன் குறையுது? இங்க வராத தண்ணி எங்கக்கா போகுது?"

தெளிவக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அத்தனை வருடமும் அவள் தண்ணீரின் நிறத்தை மட்டுமே பார்த்திருந்தாள், எவ்வளவு வருகிறது என்ற வரவைப் பார்க்கவில்லை.

இருவரும் கரைச் சரிவில் நடந்தார்கள். தம்பி வெட்டி மூடிய இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பாய் அகலத்துக்குப் புல் மட்டும் தனிப் பச்சையாகத் தழைத்திருந்தது. அதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே இப்படி வளர்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறாள். இன்ஜினியரம்மா அங்கே காலை வைத்தாள். செருப்பு சளக்கென்று உள்ளே போயிற்று.

"கசிவுக் குழாய் எங்கயோ அடைச்சிருக்கு. அங்க வழி கிடைக்காம தண்ணி இங்க வழி தேடுது. கம்பி ஏதாவது இருக்கா?"

நுனி வளைந்த நீளக் கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டார்கள். எதிலோ மாட்டியது. இன்ஜினியரம்மா இழுத்தாள், வரவில்லை. தெளிவக்காவும் சேர்ந்து இழுத்தாள். பொதபொதவென்று சேறு வந்தது. அதன் பின்னால் ஒரு துணிச் சுருள். அதன் பின்னால் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் கொட்டியது. பழுப்பாக, கெட்டியாக, மண்ணோடு மண்ணாக! டம்ளரைப் பிடித்தபோது மறுபக்கம் இருந்த விரல் தெரியவில்லை.

தெளிவக்கா துணியைப் பிரித்தாள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் குடை எட்டிப் பார்த்தது.

ஓரத்தைத் தடவினாள். முடிகிற இடத்தில் முக்கோணம்.

பெற்ற பிள்ளைபோல வளர்த்த தம்பியின் வீட்டு ஜன்னலுக்கு அதை அவளே தன் கையால் தைத்தாள். அதையே சுருட்டி, அவள் தினமும் முகம் பார்க்கிற குழாய்க்குள் திணித்திருக்கிறான். துணி மண்ணை வடிகட்டி நிறுத்திவிட்டு, தெளிந்த நீரை மட்டும் அவள் டம்ளருக்கு அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு காலையும் அவள் வாயாலேயே ஊருக்குப் பொய் சொல்ல வைத்திருக்கிறான். எந்த அக்காவின் நெஞ்சு இதைத் தாங்கும்?

"துணி யாருதுன்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல போன் பண்ணுங்கக்கா" என்றாள் இன்ஜினியரம்மா.

தெளிவக்கா படிகளில் ஏறினாள். இந்த ஒரு சொல்லைச் சொன்னால் தம்பியின் பிழைப்பு முடிந்தது. சொல்லாவிட்டால் கீழ்த் தெரு முடிந்தது. அந்தத் தெருவில்தான் அவனும் இருக்கிறான். போனை எடுத்தாள்.

"ஹலோ! தெளிவுன்னு எழுதிட்டேன்கா!"

"அழி."

"என்னக்கா?"

"அழிச்சிட்டு எழுது. கலங்கல்."

மறுமுனையில் சாக்பீஸ் கீழே விழுகிற ஓசை கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஷட்டர்களைத் தூக்கி அணை நீரைப் படிப்படியாக இறக்கினார்கள். கீழ்த் தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். சளசளத்த இடத்தை அடைக்காமல், முதலில் மணல், மேலே சின்னக் கல், அதற்கும் மேலே பெரிய கல் என்று பரப்பினார்கள். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக் கூடாது. கரை ஒரு முறை முனகியது, ஓரிடத்தில் லேசாக அமுங்கியது, பிறகு நின்றுவிட்டது. கரை பிழைத்தது.

பள்ளிக்கூட வாசலில் பாத்திரப் பண்டங்களை இறக்கிக்கொண்டிருந்த தம்பியைத் தெளிவக்கா தனியாக இழுத்துப் போனாள்.

"ஏன்டா?"

அவன் நடிக்கவில்லை. "கொஞ்ச நாள்ல தானா மண்ணு இறுகிடும்னு நெனச்சேன்க்கா. அதுவரைக்கும் உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு…"

"என் மனசுக்காகவாடா செஞ்சே?"

"அக்கா, விசாரணை வச்சா என்னைக் காட்டிக் குடுத்துடாத. என் லைசென்ஸ் போயிடும். உனக்கு நான்தானே இருக்கேன்."

அவள் உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டாள். துணியை நான் வைக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். யார் வீட்டுத் துணி என்று சொல்ல மாட்டேன். மீதியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பாசம் என்கிற பாழாய்ப்போன குழாயை எந்தத் துணியால் அடைப்பது?

விசாரணை நீர் வழங்கல் அலுவலகத்தின் பெரிய அறையில் நடந்தது. மேசைமேல் காய்ந்து விறைத்த அந்தத் திரை. ஒரு பக்கம் மேலதிகாரி, இன்ஜினியரம்மா, சுவரோரம் ஹலோ. கரை வேலை செய்த காண்ட்ராக்டர் என்ற முறையில் தம்பியை முதலில் பேசச் சொன்னார்கள். அவன் எழுந்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"சார், சொல்லவே கஷ்டமா இருக்கு. இந்தத் துணி எங்க அக்கா தைச்சது. ஓரத்துல முக்கோணம் இருக்கு பாருங்க, இந்த ஊர்ல வேற யாரும் இப்படித் தைக்க மாட்டாங்க. மழை ஆரம்பத்துல ஒரு நாள் தண்ணி கலங்கலா வந்தது. அவங்க ஆபீஸுக்குச் சொல்லல. போன் எடுக்குற இவரையே கேளுங்க. வயசாச்சு சார். கலங்கல்னு சொன்னா வேலையும் வீடும் போயிடுமோன்னு பயந்து, அவங்களே…"

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மேலதிகாரி தெளிவக்காவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது உங்க தையலா?"

அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது அவள் மடியை நனைத்த முகம் இதுதான். பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடிவந்த முகம் இதுதான். குழாயில் துணியை அடைத்தபோதாவது பயத்தில் செய்தான் என்று மன்னித்திருந்தாள். இன்று பயத்தில் பேசவில்லை. யோசித்து, அடுக்கி, அழகாகப் பேசினான். எதுவும் பிரியக் கூடாதென்று அவள் போட்ட முடிச்சையே அவளுக்குச் சுருக்காக மாட்டிவிட்டான்.

"என் தையல்தாங்க" என்றாள்.

"நான் உள்ள வரலாங்களா?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தம்பி மனைவி நின்றிருந்தாள். கையில் மடித்த ஒரு நீலத் துணி.

"ஏய், நீ எதுக்கு இங்க வந்தே? வீட்டுக்குப் போ!" என்றான் தம்பி.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேசைக்கு வந்து, துணியை உதறி, சேற்றுத் திரையின் பக்கத்தில் விரித்தாள். அதே குடைகள். அதே நீளம். அதே முக்கோணம்.

"அண்ணி எங்க வீட்டு ஜன்னலுக்கு ஜோடியாத் தைச்சுக் குடுத்தாங்க சார். ஒன்னு இது. இன்னொன்னு மழைக்காலத்துலயே காணாமப் போச்சு. எங்கன்னு இவரைக் கேட்டேன். காத்துல பறந்துடுச்சுன்னாரு. இரும்புக் கம்பியில கோத்த திரை எப்படிங்க பறக்கும்? அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு, கேக்காம விட்டுட்டேன். கரைக்குக் கீழ என் புள்ளைங்களைத் தூங்க வச்சுட்டு, தலைமாட்டுத் திரையை உருவிட்டுப் போய் அங்க அடைச்சிருக்காரு. இப்ப அண்ணி மேல பழி போடுறாரு. இதையும் கேக்காம விட்டா நான் மனுஷியே இல்ல."

தம்பி உட்கார்ந்துவிட்டான். கரை உட்காருவதுபோல, சத்தமில்லாமல்.

சுவரோரத்திலிருந்து ஹலோ மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு அக்கா என்னமோ சொல்ல வந்தாங்க சார். நான்தான் கேக்கல. அதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்."

தம்பியின் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். வெட்டிய இடத்தை வேறு ஆட்கள் மறுபடி வெட்டி, மண்ணை அடுக்கடுக்காக இடித்து ஏற்றினார்கள். தெளிவக்காவின் வேலை போகவில்லை. இன்ஜினியரம்மா அவளிடம் ஒரு வாளியையும் கொடுத்தாள். இப்போதெல்லாம் நிறத்தை டம்ளரில் பார்க்கிறாள். வரவை வாளியில் பார்க்கிறாள். போனில் ஹலோ, "சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அந்தச் சின்ன மௌனம் தினமும் அவளைக் குத்துகிறது. முன்பெல்லாம் அவள் என்ன சொல்வாளோ என்று யாரும் பயந்ததில்லை.

ஒரு காலை அவள் குழாயடியில் உட்கார்ந்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். தம்பி. மெலிந்திருந்தான்.

"அக்கா."

அவள் டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. புத்தி கெட்டுப்போச்சு. என்னை மன்னிச்சிடுக்கா." அவளுக்கு எதிரே வந்து மண்டியிட்டான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணீரை வெகுநேரம் பார்த்தாள். சின்ன வயதில் எத்தனையோ தடவை தன் முந்தானையால் துடைத்த அதே கண்ணீர். தெளிவாகத்தான் இருந்தது. முன்பென்றால் அது அவளுக்குப் போதும். ஓடிப்போய் வாரி அணைத்திருப்பாள்.

டம்ளரைத் தூக்கினாள். அவன் நிழல் அதன்மேல் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுடா" என்றாள். "வெளிச்சத்தை மறைக்கிற."